ஒரே நகரம், இரண்டு கணக்கு: லண்டனில் தெருவில் உறங்குவோரை எண்ணுவது எப்படி?

லண்டன் மாநகரில் தெருவில் படுத்து உறங்குபவர்கள் எத்தனை பேர்? கேள்வி எளிதானதுதான். ஆனால், பதில் இரண்டாக வருகிறது.

2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரே ஓர் இரவில் எடுக்கப்பட்ட அரசாங்கக் கணக்கின்படி 1,318 பேர். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஓராண்டுக் கணக்கின்படி 13,231 பேர். ஒன்றைப் போல மற்றொன்று பத்து மடங்கு.

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தோன்றலாம். உண்மையில் இரண்டு எண்களும் முறைப்படி எடுக்கப்பட்டவையே. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசினால், எத்தனை கட்டில் வேண்டும், எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும், யாருக்கு முதலில் உதவ வேண்டும் என்ற எல்லா முடிவுகளும் தடம் மாறிவிடும்.

கதவு இல்லாதவரை எண்ணுவது

தோட்டத்தில் ஆள் கணக்கு எடுப்பது சுலபம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் யார், வராதவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பட்டணத்தில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்றால் அதிகாரிகள் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார்கள்.

வீடே இல்லாதவருக்குத் தட்டுவதற்குக் கதவு கிடையாது. பெயர்ப் பட்டியலும் கிடையாது. நேற்று ரயில் நிலைய வாசலில் படுத்தவர் இன்று பூங்காவில் படுத்திருப்பார். மழை பெய்தால் கார் நிறுத்துமிடத்தின் படிக்கட்டுக்குப் போய்விடுவார். குளிர் தாங்க முடியாவிட்டால் தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு இரவு ஒதுங்குவார். மூன்றாம் இரவு மறுபடியும் தெருவுக்கு வருவார். இப்படி இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களை எண்ணுவதற்கு லண்டனில் இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதல் வழி: ஓர் இரவுக் கணக்கு

இங்கிலாந்து முழுவதும் 2010ஆம் ஆண்டு முதல் இந்தக் கணக்கு இன்றைய வடிவில் எடுக்கப்பட்டு வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1க்கும் நவம்பர் 30க்கும் இடையே, ஒவ்வொரு வட்டார மன்றமும் ஓர் இரவைத் தேர்ந்தெடுக்கும். லண்டனில் 32 வட்டார மன்றங்களும், நகரின் பழைய மையப் பகுதியை ஆளும் சிட்டி ஆஃப் லண்டன் நிர்வாகமும் இதைச் செய்கின்றன.

சில மன்றங்கள் அன்றிரவு ஆட்களை அனுப்பித் தெருத் தெருவாக எண்ணுகின்றன. சில மன்றங்கள் காவல் துறை, தொண்டு அமைப்புகள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரிடம் தகவல் திரட்டி, அந்த இரவில் எத்தனை பேர் வெளியே படுத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகின்றன. வேறு சில, மதிப்பீட்டோடு முக்கியமான இடங்களுக்கு மட்டும் நேரில் போய்ப் பார்க்கின்றன. ஹோம்லெஸ் லிங்க் என்ற அமைப்பு இவற்றைச் சரிபார்க்கிறது.

யாரைச் சேர்ப்பது என்பதற்குக் கண்டிப்பான விதி உண்டு. திறந்த வெளியில் படுத்திருப்பவர், படுக்கையின் மேல் உட்கார்ந்திருப்பவர், படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவர் ஆகியோர் கணக்கில் வருவார்கள். மாடிப்படி, கார், கொட்டகை, பேருந்து நிறுத்தம் போன்ற, மனிதர் குடியிருக்கக் கட்டப்படாத இடங்களில் உறங்குபவர்களும் வருவார்கள். விடுதியிலோ இரவுத் தங்குமிடத்திலோ இருப்பவர்கள் வரமாட்டார்கள். ஆளில்லா வீட்டில் பூட்டை உடைத்துக் குடியிருப்பவர்களும் வரமாட்டார்கள்.

படுக்கையே இல்லாமல் இரவு முழுக்க நடந்துகொண்டே இருப்பவர்? அவரும் வரமாட்டார்.

இந்தக் கணக்கின் பலம், ஆண்டுதோறும் ஒரே மாதிரி எடுக்கப்படுவது. நிலைமை கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்கலாம். லண்டனில் 2022இல் 858, 2023இல் 1,132, 2024இல் 1,318 என்று அது ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. அது ஓர் இரவின் படம் மட்டுமே. அன்றைக்குக் கடும் மழை பெய்திருந்தாலும், பார்க்கப் போனவர்களுக்கு ஒரு சந்து தெரியாமல் போயிருந்தாலும் எண் மாறிவிடும்.

இரண்டாம் வழி: ஆண்டு முழுதும் பதிவு

லண்டனில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதன் பெயர் 'செயின்'. லண்டன் மேயரின் நிர்வாகம் இதற்கு நிதி வழங்குகிறது. தொண்டு அமைப்புகளின் களப்பணியாளர்கள் இரவிலும் விடியற்காலையிலும் தெருக்களில் சுற்றி வருகிறார்கள். படுத்திருப்பவரை எழுப்பி, அல்லது எழும்வரை காத்திருந்து பேசுகிறார்கள். பெயர் என்ன, எந்த நாட்டவர், இதற்கு முன் எங்கே தங்கியிருந்தார், உடம்புக்கு என்ன, மருந்து எடுக்கிறாரா என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள்.

ஒருவரை ஓராண்டில் 50 முறை பார்த்தாலும், ஆண்டுக் கணக்கில் அவர் ஒரே ஆள்தான். ஒரே ஒரு முறை பார்க்கப்பட்டவரும் ஒரே ஆள்தான். அப்படி எண்ணி வந்ததுதான் 13,231. பத்தாண்டுக்கு முன், 2014/15இல் இந்த எண் 7,581ஆக இருந்தது.

இரண்டு கணக்குக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள ஒரு பேருந்து நிலையத்தை நினைத்துப் பார்த்தால் போதும். நண்பகலில் அங்கே நிற்பவர்களை எண்ணினால் 50 பேர் இருக்கலாம். அன்று முழுவதும் வந்து போனவர்களை எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும். பெஞ்சு எத்தனை போட வேண்டும் என்றால் முதல் எண் உதவும். பேருந்து எத்தனை விட வேண்டும் என்றால் இரண்டாவது எண் வேண்டும்.

அதுபோல, இன்றிரவு எத்தனை கட்டில் தேவை என்பதற்கு ஓரிரவுக் கணக்கு ஒரு தோராயம் தரும். ஆண்டு முழுதும் எத்தனை குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டை இழந்து தெருவுக்கு வருகிறார்கள் என்பதைச் செயின் பதிவுதான் சொல்லும்.

அந்தப் பதிவு சொல்லும் முக்கியமான செய்தி: ஓராண்டில் காணப்பட்டவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அந்த ஆண்டுதான் முதன்முறையாகத் தெருவுக்கு வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு முறை மட்டுமே தெருவில் காணப்பட்டார்கள். காலகாலமாகத் தெருவிலேயே கிடப்பவர்கள் ஒரு சிறு பகுதியினர். தினமும் ஒரே மூலையில் பார்ப்பதால் அவர்களின் முகம்தான் ஊருக்குத் தெரிகிறது. ஓரிரு இரவு வந்து மறைந்துபோகும் பெருங்கூட்டம் கண்ணில் படுவதில்லை.

குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பவர்கள் என்ற பொதுவான எண்ணத்தையும் இந்தப் பதிவு அசைக்கிறது. நிலைமை ஆராயப்பட்டவர்களில் மதுப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். மனநல உதவி தேவைப்படுவோரோ ஏறத்தாழ பாதிப் பேர். பிரிட்டிஷ் குடிமக்களும் வெளிநாட்டவரும் ஏறக்குறையச் சரிபாதி.

அகதிகளின் நிலைமையும் இதில் தெரிய வந்தது. புகலிடம் கேட்டவருக்கு வழக்கு முடியும்வரை அரசு தங்குமிடம் கொடுக்கிறது. 'நீங்கள் இங்கேயே இருக்கலாம்' என்ற நல்ல செய்திக் கடிதம் வந்ததும், வழக்கமான விதிப்படி 28 நாட்களில் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். வேலை, வங்கிக் கணக்கு, வாடகை முன்பணம் ஆகிய மூன்றையும் 28 நாளில் தேடிக்கொள்ள முடியாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2024 டிசம்பரில் அந்தக் கெடு சோதனை முறையில் 56 நாட்களாக நீட்டிக்கப்பட்டது.

ஒன்று இறங்க, ஒன்று ஏற

இரண்டு கணக்கும் எவ்வளவு வேறானவை என்பதைக் கொரோனா ஆண்டு காட்டியது. 2020 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசாங்கம் தெருவில் இருக்கும் அனைவரையும் உள்ளே கொண்டுவரும்படி உத்தரவிட்டது. பயணிகள் இல்லாமல் காலியாகக் கிடந்த ஹோட்டல்களில் அறைகள் எடுக்கப்பட்டன.

அவ்வாண்டு லண்டனின் ஓரிரவுக் கணக்கு 1,136இலிருந்து 714ஆகக் குறைந்தது. பெரிய வெற்றி என்று சொல்லத் தோன்றும். ஆனால், அதே காலத்தில் செயின் ஆண்டுக் கணக்கு 10,726இலிருந்து 11,018ஆக உயர்ந்தது.

முரண்பாடு எதுவும் இல்லை. ஹோட்டல் அறை கிடைத்ததால் எந்த ஓர் இரவிலும் தெருவில் இருந்தவர்கள் குறைந்தார்கள். வேலை போனதால், நண்பர் வீட்டில் ஒண்டியிருந்தவர்களை வெளியே அனுப்பியதால், புதிதாகத் தெருவுக்கு வந்தவர்கள் நிற்கவில்லை. தொட்டியில் இருந்த தண்ணீரை இறைத்துவிட்டார்கள், குழாயை மூடவில்லை. ஓரிரவுக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், பிரச்சினை தீர்ந்தது என்று ஹோட்டல்களை உடனே காலி செய்யச் சொல்லியிருக்கலாம்.

பெண்கள் எங்கே?

செயின் பதிவில் பெண்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர். இது உண்மை நிலவரமா என்ற சந்தேகம் களப்பணியாளர்களுக்கு நெடுநாளாக இருந்தது.

வெட்டவெளியில் படுத்தால் என்ன நடக்கும் என்பது பெண்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் படுப்பதில்லை. இரவுப் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அடுத்த பேருந்தில் திரும்பி வருகிறார்கள். மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் உறவினர் போல உட்கார்ந்திருக்கிறார்கள். விடிய விடியத் திறந்திருக்கும் துரித உணவுக் கடையில் ஒரு கோப்பைத் தேநீரோடு இரவைக் கழிக்கிறார்கள். விடியும்வரை நடக்கிறார்கள். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள பூங்காவில் தூங்குகிறார்கள். நள்ளிரவில் படுத்திருப்பவர்களை மட்டும் தேடிப் போகும் கணக்கெடுப்பில் இவர்கள் எப்படி அகப்படுவார்கள்?

2022இல் சோலஸ், சிங்கிள் ஹோம்லெஸ் புராஜெக்ட் ஆகிய இரு தொண்டு அமைப்புகள் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து லண்டனில் பெண்களுக்கென்று தனிக் கணக்கெடுப்பைத் தொடங்கின. அதன் முறை வேறு. இரவில் தெருவில் தேடுவதோடு நிற்காமல், பகல் நேர உதவி மையங்களுக்கு வரும் பெண்களிடம், 'கடந்த மூன்று மாதங்களில் இரவில் எங்கெல்லாம் இருந்தீர்கள்?' என்று கேட்கிறார்கள். பேருந்து, மருத்துவமனை, கழிப்பறை, நடைபாதை என்று பதில்கள் வந்தன. வழக்கமான கணக்கில் வராத பெண்கள் நிறைய பேர் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே இந்த முறை இங்கிலாந்தின் மற்ற ஊர்களுக்கும் பரவியது.

பார்த்தால்தான் உதவி

இதெல்லாம் புள்ளிவிவரக்காரர்களின் கவலை மட்டும் என்றால் பொதுமக்கள் தலையிட வேண்டியதில்லை. லண்டனில் எண்ணப்படுவதற்கும் உதவி பெறுவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

தெருவாசிகளுக்கான பல தங்குமிடங்களில் சேர வேண்டுமானால், அவர் உண்மையிலேயே தெருவில் படுப்பவர் என்பதைக் களப்பணியாளர் ஒருவர் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும். இடம் குறைவு, கேட்பவர் அதிகம் என்பதால் வந்த விதி இது. 2012இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ரீட்லிங்க் என்ற சேவை இதற்கு உதவுகிறது. ஒருவர் தெருவில் படுத்திருப்பதைப் பார்க்கும் எவரும் அந்த இடத்தைத் தெரிவிக்கலாம். வீடிழந்தவரே தன்னைப் பற்றியும் தெரிவிக்கலாம். களப்பணியாளர் தேடிப் போவார்.

தேடிப் போகும் நேரத்தில் அவர் அங்கே இல்லாவிட்டால்? காவலாளி விரட்டியிருந்தால்? பயந்து இடம் மாறியிருந்தால்? பதிவு நடக்காது. பாதுகாப்புக்காக ஒளிந்துகொள்பவர், ஒளிந்துகொண்டதாலேயே உதவியை இழக்கிறார். பேருந்தில் இரவைக் கழிக்கும் பெண்ணின் கதி இதுதான்.

ஒளிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தெருவில் படுப்பதையும் பிச்சை எடுப்பதையும் குற்றமாக்கிய ஒரு சட்டம் 1824இல் இயற்றப்பட்டது. நெப்போலியன் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் வேலையின்றித் திரிந்த காலத்துச் சட்டம் அது. அதை முற்றாக நீக்கப்போவதாக அரசாங்கம் 2025 ஜூனில் அறிவிக்கும்வரை, இருநூறு ஆண்டுகளாக அது தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

குடிநுழைவு அதிகாரிகள் மீதான பயமும் சேர்ந்துகொண்டது. தெருவில் படுத்தார்கள் என்ற காரணத்துக்காகவே ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரைத் திருப்பி அனுப்பும் கொள்கையை 2016இல் உள்துறை அமைச்சு நடைமுறைப்படுத்தியது. அது சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போர்வை கொடுக்க வருபவர் பெயரைக் கேட்டால், அந்தப் பெயர் யார் கைக்குப் போகும் என்று ஒருவர் தயங்கினால் அதில் வியப்பில்லை. நம்பிக்கை போய்விட்டால் கணக்கும் போய்விடும்.

தெருவுக்கு வராத வீடற்றோர்

பிரிட்டிஷ் சட்டத்தில் 'வீடற்றவர்' என்ற சொல் தெருவில் படுப்பவரை மட்டும் குறிக்காது. தகுந்த வீடு இல்லாத எவரும் அதில் அடக்கம். 1977ஆம் ஆண்டுச் சட்டம் முதல், பிள்ளைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணி, முதுமையாலோ நோயாலோ நலிந்தவர் போன்றோருக்குத் தங்குமிடம் கொடுப்பது வட்டார மன்றத்தின் கடமை. உடல் நலத்தோடு தனியாக இருக்கும் ஆளுக்கு அந்த முன்னுரிமை கிடைப்பது அரிது. தெருவில் தனி ஆண்கள் அதிகம் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

மன்றங்கள் கொடுக்கும் தற்காலிக இடங்களில், அதாவது மலிவு விடுதி அறைகளிலும் ஒற்றை அறைக் குடியிருப்புகளிலும், லண்டன்வாசிகளில் ஏறத்தாழ 50 பேருக்கு ஒருவர் இருக்கிறார் என்று வட்டார மன்றங்களின் கூட்டமைப்பு மதிப்பிடுகிறது. சராசரியாக ஒவ்வொரு வகுப்பறையிலும் குறைந்தது ஒரு பிள்ளை இப்படி வாழ்கிறது. பெயர் 'தற்காலிகம்' என்றாலும் பல குடும்பங்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. ஓரிரவுக் கணக்கிலும் செயின் பதிவிலும் இவர்களில் யாரும் இல்லை.

இலக்கு வைத்து எண்ணிய காலம்

1980களிலும் 90களிலும் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்கு அருகே, அட்டைப் பெட்டிகளை வீடாக்கிப் பெருங்கூட்டம் வாழ்ந்தது. 'அட்டை நகரம்' என்றே அதற்குப் பெயர். 1998இல் அந்த இடம் காலி செய்யப்பட்டது. இப்போது அங்கே ஐமேக்ஸ் திரையரங்கு நிற்கிறது.

அக்காலத்து டோனி பிளேர் அரசாங்கம், இங்கிலாந்தில் தெருவில் உறங்குவோரை 2002க்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாக இலக்கு வைத்தது. 1998இல் 1,850ஆக இருந்த ஓரிரவு எண்ணிக்கை 2001 இறுதியில் 532ஆனது. படுக்கைகள் கூடின, களப்பணியாளர்கள் கூடினார்கள், பலர் உண்மையிலேயே வீடு பெற்றார்கள். அதே சமயம், கணக்கு எடுக்கும் இரவுக்கு முன்பு ஆட்கள் அவசரமாக உள்ளே கொண்டுபோகப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதிகாரிகள் அதை மறுத்தார்கள். ஓர் எண்ணைக் குறைப்பதே இலக்கானால் இந்தச் சந்தேகம் எந்த நாட்டிலும் எழும்.

இறப்பையும் எண்ணாத காலம்

நெடுங்காலம் வரை, வீடின்றி இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த அரசாங்க அலுவலகமும் கணக்கு வைக்கவில்லை. 2018இல் புலனாய்வுச் செய்தியாளர் அமைப்பு ஒன்று, மரண விசாரணைப் பதிவுகளையும் உள்ளூர்ச் செய்திகளையும் தேடி, பெயர் பெயராகப் பட்டியலிடத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் முதன்முறையாக அதிகாரபூர்வ மதிப்பீட்டை வெளியிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 2017இல் 597 பேர். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு 726.

2018இல் இறந்தவர்களின் சராசரி வயது ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 43. மற்ற மக்களைவிட முப்பது ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. எண்ணத் தொடங்கிய பிறகுதான் இந்த இடைவெளி அரசாங்கத்தின் ஏட்டில் ஏறியது. மருத்துவமனையிலிருந்து வீடற்ற நோயாளியை எங்கே அனுப்புகிறோம் என்ற கேள்வியும் அழுத்தம் பெற்றது.

எண்ணைப் பார்க்கும்போது

லண்டனின் ஓரிரவுக் கணக்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வெளியாகிறது. செயின் ஆண்டறிக்கை அதற்குப் பின் வரும். இரண்டும் வெவ்வேறு மாதங்களில் வருவதால், ஒரே நகரம் பற்றி ஒரே ஆண்டில் '1,300 பேர்' என்றும் '13,000 பேர்' என்றும் தலைப்புச் செய்திகள் வருவது வழக்கம்.

அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டால் குழப்பம் தீரும். இது ஓர் இரவின் கணக்கா, ஓர் ஆண்டின் கணக்கா? யாரை வீடற்றவர் என்று எடுத்துக்கொண்டார்கள்? தேடிப் போனவர்கள் எந்த இடத்துக்குப் போகவில்லை? பெண்களுக்கான கணக்கெடுப்பு மூன்றாவது கேள்வியிலிருந்து பிறந்தது. அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்காவிட்டால், இரவுப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண் இன்றைக்கும் ஒரு பயணியாகவே கணக்கில் இருந்திருப்பார்.